சரிபார்க்காத எட்டாம் இதழ்

எங்கள் கார்டன் ரீச் தமிழ்ப் பேரவையில் நாற்பத்தொரு குடும்பங்கள், அவற்றிலிருந்து பத்தொன்பது செயற்குழு உறுப்பினர்கள். மீதி இருபத்திரண்டு குடும்பங்களிலும் பதவி கிடைக்காத கோபக்காரர்கள் தலா ஒருவர் உண்டு. இப்படிப்பட்ட பேரவைக்கு 2006-ல் பொன்விழா வந்தது. பொன்விழா என்றால் மலர். மலர் என்றால் வீரராகவன்.

வீரராகவன் பேரவையின் செயலாளர். போனில் பேசும்போதுகூட எதிரே ஒலிபெருக்கி இருப்பதாகவே நினைத்துக்கொள்வார்.

"பத்மநாபன் சார்! பொன்விழா மலர்ல நம்ம பேரவையோட கலைப் பொக்கிஷங்களை மறுபிரசுரம் பண்றோம். உங்க காமிக்ஸ் எட்டு இதழும் வருது. அதுலயும் அந்த எட்டாவது இருக்கே! டிராம்வேலன் கால்ல விழற சீன். இன்னிக்கு நெனச்சாலும் சிரிப்பு தாங்கல சார்!"

"அத மட்டும் விட்டுடலாமே."

"அதுக்காகத்தான் மத்த ஏழே போடறோம். ஒண்ணே ஒண்ணு, மகாதேவன் சார் கிட்டேருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துடுங்க. உங்க ஃப்ரெண்டுதானே."

உங்க ஃப்ரெண்டுதானே. பதின்மூன்று வருடங்களாக நானும் மகாதேவனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது அந்த நாற்பத்தொரு குடும்பங்களுக்கும் தெரியும். வீரராகவனுக்கு மட்டும் தெரியாது. அவர் பேசுகிறவர், கேட்கிறவரில்லை.

நானும் மகாதேவனும் கார்டன் ரீச்சில் கிரேன் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன்கள். ஒரே ஹால், அடுத்தடுத்த பலகைகள். கம்ப்யூட்டர் வராத காலம். டிரேசிங் பேப்பரில் மைப்பேனாவால் வரைவோம், கோடு தப்பினால் அரை பிளேடால் சுரண்டுவோம். வரைந்ததை அம்மோனியா மெஷினில் விட்டால் நீலக் கோடுகளாகப் பிரதி வரும், ஈரமும் காரமுமாக, கண்ணில் நீர் வரவைக்கும் ஒரு வாசனையோடு. அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஜலதோஷம் வந்ததே இல்லை.

அந்த ஹாலில் மதச்சடங்கு போல ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம். வரைந்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. சரிபார்க்கிறவர் ஒரு பிரதியை எடுத்து மஞ்சள் பென்சிலும் சிவப்புப் பென்சிலுமாக உட்காருவார். சரியான கோட்டுக்கும் எண்ணுக்கும் மேல் மஞ்சள் பூசுவார், தப்பானதில் சிவப்பு. முழுப் படமும் மஞ்சளாகும் வரை அவர் கையெழுத்துப் போடமாட்டார். அந்தக் கையெழுத்து இல்லாமல் படம் ஹாலைத் தாண்டாது. எங்கள் தலைமைச் சரிபார்ப்பாளர் கோஷ்பாபு, தன் மகள் கல்யாணப் பத்திரிகையின் புரூஃபிலேயே மஞ்சளும் சிவப்பும் பூசியவர். மாப்பிள்ளை பெயரில் சிவப்பு விழுந்ததாகச் சொல்வார்கள்.

காமிக்ஸ் பிறந்தது 1991-ல், லோட்ஷெடிங்கில். கரண்ட் போய்விட்டால் மெஷின் நிற்கும், நாங்களும் நிற்போம். அப்படி நின்ற ஒரு மத்தியானம் மகாதேவன் ஒரு துண்டு டிரேசிங்கில் ஒருவனை வரைந்தான். டிராமின் கூரைமேல் ஏறி நிற்கிறான். மேலே ஓடும் மின்கம்பியைத் தொடுகிற அந்த நீளக் கோலே அவனுக்கு வேல்.

"இவன்தான் டிராம்வேலன். கம்பி இருக்கற எடம் பூரா இவன் ராஜ்யம்" என்றான்.

"கம்பி இல்லாத எடத்துல?"

"நம்ம மாதிரி ஒரு ஆள்."

"நம்ம கார்டன் ரீச்சுக்கே டிராம் கெடையாதேடா. கிதர்ப்பூர் டிப்போவோட நின்னுடறது. வில்லன் இங்க இருந்தா என்ன பண்ணுவான்?"

"டிப்போ வாசல்ல வெய்ட் பண்ணுவான்."

எனக்கு அது பொறுக்கவில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஹூக்ளி நதியின் ஓத அட்டவணை தொங்கும், எந்தெந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று. மறுநாள் நான் என் நாயகனோடு வந்தேன். கங்கைகொண்டான். நதியில் தண்ணீர் ஏறினால் யானை பலம். வற்றினால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கை கொடுக்கவேண்டும்.

ஒருவனுக்கு மின்சாரம், ஒருவனுக்கு நதி. கல்கத்தாவில் இந்த இரண்டையும் நம்பி எந்தக் காரியத்திலும் இறங்க முடியாது என்பது வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம். அதனாலேயே அவர்கள் எங்கள் நாயகர்களை உடனே உறவினராக ஏற்றுக்கொண்டார்கள்.

ஒற்றைப்படை இதழை மகாதேவன் வரைவான், நான் சரிபார்ப்பேன். இரட்டைப்படை நான், சரிபார்ப்பது அவன். இதழுக்கு எட்டுப் பக்கம், முப்பது பிரதி. கோஷ்பாபு மதியத் தூக்கத்தில் இருக்கும்போது மெஷினில் ஓடும். அவர் உண்மையில் தூங்கவில்லை என்பதும், ஒவ்வொரு இதழிலும் ஒரு பிரதி அவர் மேஜை இழுப்பறைக்குப் போய்விடும் என்பதும் பின்னால் தெரிந்தது. தமிழ் தெரியாத மனிதர். படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஹாவ்ரா பிரிட்ஜில் குறுக்குச் சட்டம் ஒன்று குறைகிறது" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

இரண்டு நாயகர்களும் நண்பர்களில்லை. லோட்ஷெடிங் லோகநாதன் என்ற வில்லனை யார் பிடித்தது என்பதில் மூன்று இதழ் சண்டை. பேரவைக் குழந்தைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நதிக்கட்சி, கம்பிக்கட்சி. கம்பிக்கட்சித் தலைவன் மகாதேவனின் மகன் அக்ஷய், வயது ஏழு. எதிரே என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். கொள்கைப் பிடிப்பு.

1993 ஏப்ரலில் வந்த ஏழாம் இதழின் கடைசிக் கட்டத்தில் மகாதேவன் சவாலை வரைந்தான். 'ஹாவ்ரா பாலத்தில் சந்திப்போம். விஜயதசமிக்கு முந்திய ஞாயிறு, பகல் இரண்டு மணி.' கீழே நதி, மேலே டிராம் கம்பி. ஊரிலேயே இரண்டு பேருக்கும் பலம் இருக்கக்கூடிய ஒரே இடம். அதைவிட நல்ல மோதலை யாரும் கட்டியிருக்க முடியாது.

அந்த இதழை நான் சரிபார்த்த வாரம் கோஷ்பாபு ஓய்வு பெற்றார். அவர் நாற்காலிக்கு இரண்டு பேர் தகுதி. நான் மகாதேவனைவிட நாலு மாதம் சீனியர். நாற்காலி மகாதேவனுக்குப் போயிற்று.

அவன் எல்லாருக்கும் சந்தேஷ் கொடுத்தான், ஆளுக்கு ஒன்று. எனக்கு மட்டும் இரண்டு. முதலாவதை நான் தின்றிருப்பேன். அந்த இரண்டாவதுதான் என்னைக் கொன்றது. ஆறுதல் பரிசாக இனிப்பு வாங்கும் வயதா எனக்கு? இன்றைக்கு நினைத்தால் அவன் பிரியமாகத்தான் கொடுத்தான் என்று தெரிகிறது. அன்றைக்கு அந்தச் சந்தேஷை மேஜையில் எறும்புக்கு வைத்துவிட்டு, எறும்பு வரும்வரை காத்திருந்து, அவன் பார்க்கும்படி வைத்திருந்தேன்.

பிறகு அந்த வருடம் ஹாவ்ரா பாலத்தில் டிராம் ஓடுவதையே நிறுத்திவிட்டார்கள். பாரம் தாங்காது என்றார்கள். எனக்கு நகரமே எனக்காகச் சாட்சி சொல்ல வந்தது போலிருந்தது.

எட்டாம் இதழை வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன். டிராம்வேலன் பாலத்துக்கு வருகிறான். கம்பி இல்லை. கோலைத் தூக்கி வெறும் ஆகாயத்தைத் துழாவுகிறான். கங்கைகொண்டான் ஒரே தட்டு. டிராம்வேலன் மண்டியிட்டு, எதிரியின் இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டு, 'நீரே தலைமைக்கு உரியவர்! நான் தகுதியற்றவன்!' என்கிறான். அதோடு நிறுத்தியிருந்தாலாவது மன்னிக்கலாம். ஏழு இதழ்களாகக் கண்ணாடி போடாத டிராம்வேலனுக்கு, அந்தக் கட்டத்தில் மட்டும் மகாதேவனின் தடித்த சட்டக் கண்ணாடியையும் உச்சி வழுக்கையையும் வரைந்தேன்.

அதை மகாதேவனிடம் சரிபார்க்கக் கொடுக்கவில்லை. மூலைக் கட்டத்தில் வரைந்தவர் கையெழுத்து மட்டும். இரண்டாம் இடம் காலி. அவன் லீவில் இருந்த ஒரு நாள் பார்த்து முப்பது பிரதி ஓட்டினேன்.

சவாலில் குறித்த அதே ஞாயிறன்று நவராத்திரி விழா, அதில் விநியோகம். குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டியும் அன்றுதான். அக்ஷய் டிராம்வேலனாக வந்திருந்தான். அவன் அம்மா ஜலஜா அட்டையை உருட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, கோல் செய்து கொடுத்திருந்தாள். அவன் உயரத்துக்கு இரண்டு மடங்கு. மேடை ஏற வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது இதழ் கை மாறிக் கை மாறி வந்தது. முதலில் பெரியவர்கள் சிரித்தார்கள். வீரராகவன் நாற்காலியில் குலுங்கினார். பிறகு குழந்தைகளுக்குப் புரிந்தது. நதிக்கட்சிக்காரர்கள் அக்ஷயைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"விழுடா! கால்ல விழு! புக்லயே போட்டிருக்கு, விழு!"

அவன் விழவில்லை. அழவும் இல்லை. அந்த நீளக் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். போட்டிக்கு அவன் பெயரைக் கூப்பிட்டபோது மேடை ஏறவில்லை.

மகாதேவன் ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தான். கதையைப் பார்த்தானா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் ஏதோ கணக்குப் போடுகிறவன் போல நின்றான். பிறகு அவன் கண் வலது கீழ் மூலைக்குப் போயிற்று.

"செக் பண்ணாம ரிலீஸ் பண்ணிட்டியே" என்றான். அவ்வளவுதான். ஒரு கையில் மகன், ஒரு கையில் கோல், வாசலில் கோல் இடித்து மடங்க, போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஆபீசில் என் படங்கள் மஞ்சளும் சிவப்புமாகத் திரும்பி வந்தன. நியாயமான சிவப்புகள், ஒன்றுகூட வஞ்சனையில்லை. அதுவே தாங்க முடியவில்லை. ஆறு மாதத்தில் அவன் சால்ட் லேக்கில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டான். ஒன்பதாம் இதழ் வரவேயில்லை.

அந்த எட்டாம் இதழைத்தான் வீரராகவன் இப்போது ஆயிரம் பிரதி அச்சடிக்கப் போகிறார். வழுவழுப்புத் தாளில்.

"மூணு வாரம் டயம் குடுங்க. எட்டாவத மாத்தி வரைஞ்சு தரேன்" என்றேன்.

"திருத்திய பதிப்பா! பேஷ்! ஆனா காமெடி கொறயக் கூடாது."

எனக்கு நாற்பத்துநாலு வயது. ஏழு வருடமாகக் கம்ப்யூட்டரில்தான் கோடு. பரணிலிருந்து இறக்கிய மைப்பேனாக்கள் அத்தனையும் காய்ந்து கல்லாகியிருந்தன. வெந்நீரில் ஊறவைத்து, ஊதி, உதறி, வேட்டியெல்லாம் மை. பழைய டிரேசிங்குகளை விரித்தபோது மங்கலாக அந்த அம்மோனியா வாசனை. மூக்குக்குத்தான் எத்தனை ஞாபகம். அந்த ஹாலும், ஜன்னல் வழியே தெரியும் கப்பல் கொடிமரங்களும், லோட்ஷெடிங்கில் கோஷ்பாபு விசிறிக்கொள்ளும் சத்தமும், பக்கத்துப் பலகையில் நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு டிராம்வேலனுக்கு மீசை போடும் ஒருவனும்.

புதிய எட்டாம் இதழில் டிராம்வேலனை ஜெயிக்க வைத்தேன். கம்பி இல்லாவிட்டாலும் மன உறுதியால் மின்சாரம் வருகிறது. ஆமாம், எழுதும்போதே கூசியது. கங்கைகொண்டான் மண்டியிட்டு, கால்களைப் பிடித்துக்கொண்டு, 'நீரே தலைமைக்கு உரியவர்' என்கிறான். கங்கைகொண்டானுக்கு என் தொந்தியையும் வரைந்தேன். இதைவிடப் பெருந்தன்மை உலகில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. என் பெருந்தன்மையை நானே மூன்று முறை தள்ளி நின்று பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி சால்ட் லேக் போனேன். கதவைத் திறந்தது ஜலஜா.

"வாங்கோ அண்ணா." கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "கார்டன் ரீச்லேருந்து சால்ட் லேக் வர பதிமூணு வருஷம் ஆச்சாக்கும். எந்த பஸ்?"

"ரூட் கொஞ்சம் சுத்து."

"உக்காருங்கோ. ஏன்னா, யார் வந்திருக்கா பாருங்கோ."

மகாதேவன் வந்தான். வழுக்கை நான் வரைந்த எல்லையைத் தாண்டிப் பின்கழுத்து வரை போயிருந்தது. கண்ணாடி அதே தடிமன். என்னைப் பார்த்தான், சுருளைப் பார்த்தான். கையை நீட்டினான், சுருளை வாங்க.

டீப்பாயில் விரித்து, நாலு மூலையிலும் டீ கோப்பை, சாவி, ரிமோட், மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்தான். உள்ளே போய் இரண்டு பென்சில் கொண்டுவந்தான். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. வீட்டில் வைத்திருக்கிறான்!

பாலத்தின் சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணி மஞ்சள் பூசினான். கோலின் நுனிச் சக்கரத்தில் சிவப்பு. "இது பின்னாடி வந்த மாடல்." கடைசிக் கட்டத்துக்கு வந்தான். மண்டியிட்ட தொந்தியை வெகுநேரம் பார்த்தான். பிறகு முழுக் கட்டத்தையும் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதினான்: 'ஆப்போசிட் ஹேண்ட்.'

இதற்கு விளக்கம் வேண்டும். கிரேனுக்கு இடப்பக்கம் ஒரு தாங்கி, வலப்பக்கம் ஒரு தாங்கி இருந்தால் இரண்டையும் வரையமாட்டோம். ஒன்றை மட்டும் வரைந்து 'இன்னொன்று ஆப்போசிட் ஹேண்ட்' என்று எழுதிவிடுவோம். அதே படம், கண்ணாடியில் பார்த்த மாதிரி; புதிதாக ஒன்றுமில்லை.

"அதே டிராயிங்தாண்டா இது" என்றான். பதின்மூன்று வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம். "அன்னிக்கு என்னைக் கால்ல விழ வெச்சே. இன்னிக்கு நீ விழுந்திருக்கே. யாராவது ஒத்தன் விழுந்தே ஆகணுமா ஒனக்கு?"

"நான் மன்னிப்பு..."

"மன்னிப்பு கேக்கறவன் ரெண்டு வரில கேட்டுட்டுப் போவான். எட்டுப் பக்கம் பேனா ஓட்ட மாட்டான்."

ஜலஜா டீ கொண்டுவந்தவள், வைக்க இடமில்லாமல் மூலைக்குக் காவலிருந்த காலிக் கோப்பையை எடுத்துவிட்டு அங்கேயே வைத்தாள். அப்போது கதவு திறந்து ஓர் ஆறடி இளைஞன், கழுத்தில் ஆபீஸ் அட்டை, முதுகில் பை. செக்டர் ஃபைவில் கால்சென்டர் வேலை. அன்று நான் விட்ட காலி இடத்துக்கு உண்மையில் கணக்குக் கேட்கவேண்டியவன் இவன்தான்.

"அக்ஷய், இது யாருன்னு தெரியறதா?" என்றாள் ஜலஜா.

அவன் என்னைப் பார்க்காமல் டீப்பாயைப் பார்த்தான். "அரே! ப்ளூ காமிக்ஸ்! பத்மநாபன் காக்கு?" பையைக் கழற்றாமலே குனிந்து உட்கார்ந்தான். அவன் தமிழில் வங்காளி மடிப்புகள் விழுந்திருந்தன. "காக்கு, ஒரு டவுட். சின்ன வயசுலேருந்து கேக்கணும்னு வெச்சிருக்கேன். அந்த சண்டே ரெண்டு மணிக்கு ரிவர்ல தண்ணியே இல்லியே. லோ டைட். அப்புறம் எப்படி கங்கைகொண்டான் அடிச்சான்?"

நான் மகாதேவனைப் பார்த்தேன். அவன் டீயைப் பார்த்தான்.

"பாபாதான் சொன்னா" என்றான் அக்ஷய், அப்பாவைக் காட்டி. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து நான் ரொம்ப அழுதேன். பாபா நியூஸ்பேப்பர் எடுத்து டைட் டைமிங் காட்டினா. பாரு, அந்த நேரத்துல அவனுக்கும் பவர் இல்ல, இந்த ஃபைட் நடக்கவே முடியாது, டிராயிங் தப்புன்னு. நான் அந்தப் பேப்பரக் கட் பண்ணி ஸ்கூல் பாக்ஸ்ல வெச்சிருந்தேன். யாராவது விழுடான்னு சொன்னா எடுத்துக் காட்டுவேன். பாதிப் பேருக்குப் புரியல. ஆனா சும்மா இருந்துட்டாங்க."

ஓத அட்டவணையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீட்டில் பிறந்தவன் நான். டிராம்வேலனை மண்டியிட வைத்து வரைந்த கையால் அந்த அட்டவணையை ஒருமுறை திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"ஒனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன்.

"பாத்த ஒடனே." மகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதத்தானே சொன்னேன், செக் பண்ணாம ரிலீஸ் பண்ணிட்டியேன்னு."

"அந்த ரெண்டு மணி ஏழாவது இதழ்ல நீ போட்டது. நான் மஞ்சள் அடிச்சேன்."

"ஆமாம்." இப்போது அவன் முகத்தில் ஓர் அசடு வழிந்தது. பதின்மூன்று வருடமாக நான் ஒரு மகானுக்குத் துரோகம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மகான் நெளிந்தார். "வேணும்னுதான் போட்டேன். தண்ணி வத்தற நேரமாப் பாத்து. எனக்குக் கம்பி இருக்கும், ஒனக்குத் தண்ணி இருக்காது. நீ செக் பண்றச்சே புடிப்பே, சண்டைக்கு வருவே, மாத்தலாம்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு மஞ்சள் பூசிக் குடுத்துட்டே."

"நான் அந்த வாரம் ஒன் மேல கோபமா இருந்தேன். பாக்கவே இல்ல."

"எறும்புக்குச் சந்தேஷ் போட்டுண்டு இருந்தே. தெரியும்."

அக்ஷய்தான் முதலில் சிரித்தான். "அப்போ ரெண்டு பேரும் சீட்டிங். கம்பியும் போச்சு, தண்ணியும் இல்ல. பிரிட்ஜ்ல ரெண்டு ஆர்டினரி ஆளுங்க, காஸ்ட்யூம் போட்டுண்டு நிக்கறாங்க."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் டிரேசிங்கைப் பார்த்தோம்.

அடுத்த மூன்று ஞாயிறும் நான் சால்ட் லேக் போனேன். மகாதேவனின் வீட்டில் ஒரு பேனாதான் உயிரோடு இருந்தது. மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். டிராம்வேலனை அவன் வரைந்தான், கங்கைகொண்டானை நான். பழக்கம் விட்டதில் அவன் கோடு நெளிந்தது. என் கோடும்தான், ஆனால் நதி என்பதால் அலை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பகல் இரண்டு மணி. ஹாவ்ரா பாலம். மேலே கம்பி இல்லை, கீழே சேறு. எதிரெதிரே இரண்டு பேர், ஒருவன் கையில் உபயோகமில்லாத நீளக் கோல். முதல் அடியை அடிக்க இடமில்லை. தலையில் மூட்டையோடு வருகிற ஆட்கள், "தேக்கி தாதா, ஸொருன்!" என்று விலகச் சொல்லி இருவரையும் இடித்துக்கொண்டு போகிறார்கள். கூட்டம் இருவரையும் அள்ளிக்கொண்டு போய் ஹாவ்ரா ஸ்டேஷன் பக்கம் கொட்டுகிறது. மண் குவளையில் டீ குடிக்கிறார்கள். 'தண்ணீர் ஏற இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. ஏறியதும் உன்னை ஒரே அடியில் தூக்கிவிடுவேன்' என்கிறான் கங்கைகொண்டான். 'எனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படாபஜாரில்தான் கம்பி ஆரம்பம். அங்கே வா, பார்க்கலாம்' என்கிறான் டிராம்வேலன். கடைசிக் கட்டத்தில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு பாலத்தில் திரும்பி நடக்கிறார்கள், கம்பி ஆரம்பிக்கும் இடத்தை நோக்கி. கோலின் ஒரு முனை இவன் தோளில், மறுமுனை அவன் தோளில்.

மகாதேவன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவரச் சொல்லி முழுக்கச் சரிபார்த்தான். ஓத அட்டவணையைக் கேட்டான். பழைய செய்தித்தாளின் துண்டை அக்ஷய் ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மஞ்சள்.

நான் பழைய எட்டாம் இதழின் டிரேசிங்கையும் எடுத்துப் போயிருந்தேன். அந்தக் காலி இடத்தைக் காட்டி, "இதுலயும் ஒரு கையெழுத்து போட்டுடேன். பழைய தேதி" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"முன்தேதி போடற பழக்கம் எனக்கில்ல."

"அப்ப கிழிச்சுடட்டுமா?"

"ஒனக்கு கோஷ்பாபு என்னதான் கத்துக் குடுத்தார்? ரத்தான டிராயிங்கைக் கிழிக்கக் கூடாது. ரத்துன்னு எழுதி ஃபைல்ல வெக்கணும். இல்லேன்னா எத மாத்தினோம்னு எப்படித் தெரியும்?"

பழையதின் குறுக்கே பெரிதாக 'ரத்து' என்று எழுதினான். அந்தக் காலி இடத்தைக் காலியாகவே விட்டான். பிறகு புதியதை எடுத்து, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், மெல்ல, கோஷ்பாபு காலத்துக் கையெழுத்தைப் போட்டு, அன்றைய தேதியை எழுதினான்.

பொன்விழா மலரில் அது வரவில்லை. வீரராகவன் போன் செய்தார்: "சார், செயற்குழுல ஒரு கேள்வி வந்தது. கடைசில யார்தான் ஜெயிச்சா?"

"தெரியாது."

"முடிவு தெளிவா இல்லைன்னு ஏகமனதாத் தீர்மானம் ஆயிருக்கு. தலைவர் வந்து ரெண்டு பேருக்கும் பொன்னாடை போத்தற மாதிரி ஒரு கட்டம் சேத்துடுங்களேன்."

"செக் பண்ணி கையெழுத்தாயிடுச்சு சார். இனிமே தொட முடியாது."

ஆக, எங்களுக்கு ஒதுக்கிய பக்கங்களில் பத்தொன்பது செயற்குழு உறுப்பினர்களின் வாழ்த்துச் செய்திகள் வந்தன, புகைப்படத்தோடு. எட்டாம் இதழ், பழையதும் புதியதும், ஆயிரம் பேர் கண்ணில் படாமல் தப்பித்தது.

ஆனால் பிரதி எடுக்காமல் விடுவோமா? டல்ஹௌசியில் இன்னும் அம்மோனியா மெஷின் வைத்திருக்கும் ஒரு சின்னக் கடையை மகாதேவன் கண்டுபிடித்தான். ஒரு வேலைநாள் மத்தியானம் இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். மூன்று பிரதி: அவனுக்கு, எனக்கு, அக்ஷய்க்கு. மெஷின் முனகிக்கொண்டு நீலக் கோடுகளைத் துப்பியது. அந்த வாசனை குப்பென்று வந்தது. இருவருக்கும் கண்ணில் நீர். அம்மோனியா என்பதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வெளியே வந்தோம். அவன் எஸ்பிளனேடு போய் சால்ட் லேக் பஸ் பிடிக்கவேண்டும். டிராமிலேயே போகிறேன் என்றான். கம்பிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். சும்மா நிற்க முடியாமல் நான் ஆரம்பித்தேன்.

"இருந்தாலும் சொல்றேன். அந்த போஸ்ட் எனக்குத்தான் வந்திருக்கணும். நான் நாலு மாசம் சீனியர்."

டிராம் வந்து நின்றது. அவன் ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பினான்.

"ஓத அட்டவணை பாக்காம மஞ்சள் பூசறவனை எவண்டா செக்கர் ஆக்குவான்?"

மணி அடித்தது. டிராம் அவசரமில்லாமல் நகர்ந்தது. பதில் சொல்லவேண்டுமே என்று நான் அதன் கூடவே நடந்தேன். அந்த வேகத்துக்கு நடையே போதும்.